ஒரே பெயர், பல ஃபங்ஷன்: கம்பைலர் குழம்பும்போது என்ன செய்வது?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில் ஒரு புலம்பல் கேட்கத் தொடங்கும். "பத்து வரிதான் எழுதினேன், நாற்பது எர்ரர் வருது!" பக்கத்தில் வந்து பார்க்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திரையில் ஓடுவது ஒன்றும் விளங்குவதில்லை. கணக்கு என்றால் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். இங்கிலீஷ் என்றால் திருத்திக் கொடுக்கலாம். இதற்கு என்ன செய்வது?

நாற்பது எர்ரர் என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு தவறாக இருக்கும். ஒன்றை நாற்பது என்று எண்ணிப் பயந்து, "எனக்கு இந்தச் சப்ஜெக்ட் வராது" என்று தீர்மானித்துவிடும் பிள்ளைகள் உண்டு. நல்ல அறிவுள்ள பிள்ளை, பதினெட்டு வயதில், ஒரு இயந்திரம் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு தன்னைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வருவது பரிதாபம். அப்படிப் பயமுறுத்தும் இடங்களில் முக்கியமான ஒன்று, சி++ மொழியில் வரும் ஃபங்ஷன் ஓவர்லோடிங். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல் இதற்குச் 'செயற்கூறு பணிமிகுப்பு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. இதில் வரும் தவறுகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மருந்து சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

(படிக்க வசதியாக, உதாரணங்களில் ஃபங்ஷன்களின் பெயர்களைத் தமிழிலேயே தந்திருக்கிறோம். எழுதிப் பார்க்கும் மாணவர்கள் ஆங்கில எழுத்துகளில் மாற்றிக்கொள்ளலாம்.)

மூன்று சுப்பிரமணியன்கள்

நம்மவர்கள் கூடி வாழும் எந்தக் காலனியிலும் குறைந்தது மூன்று சுப்பிரமணியன்கள் இருப்பார்கள். ஒருவர் பாங்க், ஒருவர் ரயில்வே, ஒருவர் பள்ளி ஆசிரியர். "சுப்பிரமணியன் சார்கிட்ட செக்கைக் கொடுத்துட்டு வா" என்றால் பையன் நேராகப் பாங்க்காரர் வீட்டுக்குப் போகிறான். "பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துட்டு வா" என்றால் வாத்தியார் வீட்டுக்குப் போகிறான். கையில் என்ன கொடுத்தனுப்புகிறோம் என்பதை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

ஓவர்லோடிங் என்பது இவ்வளவுதான். 'பரப்பு' என்று ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் எழுதுகிறோம். ஒன்றுக்கு ஒரு அளவு கொடுத்தால் போதும். அது சதுரத்தின் பரப்பைத் தரும். மற்றொன்றுக்கு நீளம், அகலம் என இரண்டு அளவுகள் வேண்டும். அது செவ்வகத்தின் பரப்பைத் தரும். பரப்பு(5) என்று அழைத்தால் முதலாவது வேலை செய்யும். பரப்பு(5, 8) என்றால் இரண்டாவது. சதுரப்பரப்பு, செவ்வகப்பரப்பு என்று தனித்தனிப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டல் குறியைக் கவனித்தாலே இது புரியும். முழு எண்களைக் கூட்டவும் தசம எண்களைக் கூட்டவும் ஒரே குறியைத்தான் எழுதுகிறோம். கணிப்பொறிக்குள் அவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எங்கிருந்து வந்தது?

டென்மார்க்கில் பிறந்த பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1979-இல் தொடங்கிய முயற்சிதான் பிற்பாடு சி++ ஆயிற்று. 1983-இல் இந்தப் பெயர் வந்தது. 1985-இல் முதல் வணிகப் பதிப்பு வெளியாயிற்று. அதற்கு மூலமான சி மொழியில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் வைத்துக்கொள்ள முடியாது. சி++ அதற்கு இடம் கொடுத்தது. ஆரம்பத்தில் ஒரு பெயரைப் பலமுறை பயன்படுத்தப் போவதாக இருந்தால் 'ஓவர்லோட்' என்ற சொல்லை முன்னால் எழுதி அறிவிக்க வேண்டும். 1989-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அந்த அறிவிப்புத் தேவையில்லாமல் போயிற்று.

எப்படி? நாம் செய்வதைத்தான் கம்பைலரும் செய்கிறது: பெயருக்கு இனிஷியல் போடுகிறது! டி. சுப்பிரமணியன், கே. சுப்பிரமணியன் என்று நாம் பிரித்தறிவது போல, ஃபங்ஷனின் பெயரோடு அது வாங்கிக்கொள்ளும் மதிப்புகளின் வகைகளையும் ஒட்டி, உள்ளுக்குள் ஒரு நீண்ட பெயரைக் கம்பைலர் உருவாக்கிக்கொள்கிறது. முழு எண் வாங்கும் 'பரப்பு'க்கு ஒரு இனிஷியல், தசம எண் வாங்கும் 'பரப்பு'க்கு வேறு இனிஷியல். இந்த இனிஷியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

தொல்காப்பியர் சொன்ன இலக்கணம்

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், கிளவியாக்கத்தில் 'பலபொருள் ஒருசொல்' பேசப்படுகிறது. அதை இரண்டாகப் பிரிக்கிறார் தொல்காப்பியர். உடன் வரும் வினையால் பொருள் தெளிவாகிவிடுவது ஒன்று. அப்படித் தெளிவாகாதது மற்றொன்று. 'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா விழுந்தது என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அப்படிப்பட்ட இடத்தில், குறிப்பிட்ட பொருளை மனதில் வைத்துப் பேசுகிறவன் அதை வெளிப்படையாகத் தெளிவுபடுத்திச் சொல்ல வேண்டும் என்பது இலக்கணம்.

சி++ கம்பைலரின் நிலையும் அதுவே. நாம் கொடுக்கும் மதிப்பின் வகைதான் அதற்கு 'உடன் வரும் வினை'. அதனால் தெளிவு கிடைத்தால் வேலை நடக்கும். கிடைக்காவிட்டால் 'அம்பிகுவஸ்' என்று சொல்லி நின்றுவிடும். காளமேகப் புலவரின் சிலேடையை நாம் ரசிக்கலாம். கம்பைலருக்கு இரட்டுற மொழிதல் ஆகாது. தெளிவுபடுத்த வேண்டிய பொறுப்பு சொல்கிறவனுடையது, அதாவது ப்ரோக்ராம் எழுதுகிறவருடையது.

கம்பைலரின் நான்கு படிகள்

அழைக்கும் வரியைப் பார்த்ததும் கம்பைலர், அந்தப் பெயரில் தனக்குத் தெரிந்த ஃபங்ஷன்களையெல்லாம் வரிசையில் நிறுத்துகிறது. மதிப்புகளின் எண்ணிக்கை ஒத்துவராதவற்றை விலக்குகிறது. மிஞ்சியவற்றுக்கு இந்த முறையில் தரம் போடுகிறது:

முதல் தரம்: வகை அப்படியே பொருந்துவது. இன்ட் கொடுத்தோம், இன்ட் கேட்கிறது.

இரண்டாம் தரம்: சிறிய வகையை இயல்பான பெரிய வகைக்கு உயர்த்துவது. கேரக்டரை இன்ட்டாகவும், ஃப்ளோட்டை டபுளாகவும் எடுத்துக்கொள்வது இதில் சேரும்.

மூன்றாம் தரம்: வகை மாற்றம். இன்ட்டை டபுளாக்குவது, டபுளை இன்ட்டாக்குவது, இன்ட்டை லாங் ஆக்குவது எல்லாம் இதில் ஒன்றே. இந்த மாற்றம் நல்லது, அது கெட்டது என்ற பாகுபாடு பொதுவாகக் கிடையாது.

நான்காம் தரம்: நாமோ நூலகமோ எழுதிய கிளாஸ் வழியாக நடக்கும் மாற்றம். சாதாரண எழுத்துத் தொடரை ஸ்ட்ரிங் கிளாஸாக மாற்றுவது இதற்கு உதாரணம்.

உயர்ந்த தரத்தில் ஒருவர் மட்டும் தேறினால் அவருக்கே வேலை. இருவர் சமமாக நின்றால் எர்ரர். ஒருவருமே தேறாவிட்டால் வேறு எர்ரர். இந்த நான்கு படிகள் மனதில் பதிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடிக்கடி வரும் ஏழு தவறுகள்

1. திருப்பித் தரும் மதிப்பு மட்டும் மாறுவது. 'பரப்பு' என்ற இரு ஃபங்ஷன்களும் ஓர் இன்ட்டையே வாங்குகின்றன. ஒன்று இன்ட்டைத் திருப்பித் தருகிறது, மற்றது டபுளை. இது செல்லாது. அழைக்கிறவர் விடையை வாங்கிக்கொள்ளாமலே போகலாம் அல்லவா? அப்போது எதை அழைத்தார் என்று எப்படித் தெரியும்? சாதாரண ஃபங்ஷன்களின் விஷயத்தில் இனிஷியல் கணக்கில் திருப்பித் தரும் வகை சேர்வதில்லை. ஒன்றின் பெயரை மாற்றுவதே வழி.

2. வேறு என்று நாம் நினைப்பது, வேறாக இல்லாதது. ஒன்றில் இன்ட் நீளம், மற்றொன்றில் இன்ட் உயரம் என்று பெயர்களை மட்டும் மாற்றி எழுதினால் கம்பைலருக்கு இரண்டும் ஒன்றுதான். மதிப்பாக வாங்கும் இன்ட்டுக்கு முன்னால் ஒன்றில் மட்டும் 'கான்ஸ்ட்' போட்டாலும் அப்படியே. 'ரீடெஃபனிஷன்' என்ற செய்தி வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

3. தசம எண்ணின் குழப்பம். முழு எண்ணுக்கு இன்ட், தசமத்துக்கு ஃப்ளோட் என்று இரண்டு ஃபங்ஷன் எழுதிவிட்டுப் பரப்பு(3.5) என்று அழைக்கிறார் மாணவர். ஃப்ளோட்தானே வர வேண்டும்? வராது. சி++ மொழியில் 3.5 என்று எழுதினால் அது டபுள். டபுளை ஃப்ளோட் ஆக்குவதும் மாற்றம்தான், இன்ட் ஆக்குவதும் மாற்றம்தான். இரண்டும் மூன்றாம் தரம். சமம்! ஆகவே 'அம்பிகுவஸ்'. ஃப்ளோட்டுக்குப் பதிலாக டபுள் என்று எழுதிவிடுவது சிறந்த மருந்து. ஃப்ளோட்டே வேண்டுமானால் எண்ணின் பின்னால் 'எஃப்' எழுத்தைச் சேர்க்கலாம். லாங், டபுள் என்ற இரண்டை எழுதிவிட்டுச் சாதாரண 5 கொடுத்தாலும் இதே கதைதான்.

பழைய கம்பைலர்களில் வர்க்கமூலம் காணச் சாதாரண 2-ஐக் கொடுத்தால் எர்ரர் வரக் காரணமும் இதுவே. 1998-ஆம் ஆண்டின் தர நிர்ணயப்படி அந்த ஃபங்ஷனுக்கு ஃப்ளோட், டபுள், லாங் டபுள் என மூன்று வடிவங்கள் இருந்தன. முழு எண்ணுக்கு மூன்றும் சம தூரம். 2011-இல் வந்த தர நிர்ணயம் முழு எண்ணுக்கும் வழி செய்துவிட்டது.

4. விட்டுப்போனால் எடுத்துக்கொள் என்ற மதிப்பு. சங்கத்துச் சந்தாவைக் கணக்கிட சந்தா(தொகை) என்று ஒன்று. சந்தா(தொகை, ஆண்டு) என்று இன்னொன்று. ஆண்டைக் கொடுக்காவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறோம். இப்போது சந்தா(500) என்றால் எது? இரண்டுமே பொருந்தும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டையும் எழுதும்போது கம்பைலர் வாய் திறக்காது. அழைக்கும்போதுதான் கேள்வி கேட்கும். எர்ரர் காட்டும் வரி ஓரிடம், கோளாறு இருக்கும் வரி வேறிடம். இரண்டில் ஒன்றை நீக்கிவிடுவதே சரி.

5. மதிப்பாகவும் ரெஃபரன்ஸாகவும் வாங்குவது. ஒன்று இன்ட்டை மதிப்பாக வாங்குகிறது. மற்றது இன்ட்டை ரெஃபரன்ஸாக வாங்குகிறது. இரண்டையும் எழுத அனுமதி உண்டு. 5 என்று நேராகக் கொடுத்தால் முதலாவது ஓடும். ஒரு மாறியைக் கொடுத்தால் இரண்டும் முதல் தரத்தில் தேறி, குழப்பம் வந்துவிடும்.

6. விளம்பரத்தில் ஒருவர், வேலைக்கு வந்தவர் வேறொருவர். மேலே அறிவிப்பில் டபுள் என்று எழுதிவிட்டுக் கீழே ஃபங்ஷனை எழுதும்போது ஃப்ளோட் என்று எழுதிவிடுவது. ஓவர்லோடிங் அனுமதிக்கப்பட்ட மொழியாதலால் இவை இரண்டு தனித்தனி ஃபங்ஷன்கள் என்று கம்பைலர் நினைத்துக்கொள்ளும். டபுள் ஃபங்ஷன் எங்கோ இருக்கிறது என்று நம்பி மேலே போகும். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர்தான் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று கையை விரிக்கும். இனிஷியல் ஒத்துப்போகவில்லை! டிக்கெட்டில் ஒரு இனிஷியல், அடையாள அட்டையில் வேறு இனிஷியல் என்று ரயிலில் திண்டாடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

7. பெயர் மோதல். ப்ரோக்ராமின் தலையிலேயே 'யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று எழுதுவது பல பாடப்புத்தகங்களின் வழக்கம். அதனால் நூலகத்தில் உள்ள பெயர்களெல்லாம் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிடுகின்றன. பயிற்சிக்காக 'ஸ்வாப்' என்று ஒரு டெம்ப்ளேட் ஃபங்ஷனை மாணவர் எழுதுகிறார். நூலகத்திலும் அதே பெயரில் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. எது மூத்தது என்று தெரியாமல் கம்பைலர் நின்றுவிடும். நம் ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைப்பது எளிய வழி.

சத்தமில்லாத தவறு

மேலே சொன்ன ஏழும் நல்ல தவறுகள். ஏனென்றால் கம்பைலரோ லிங்கரோ கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. பயப்பட வேண்டியவை, ஒன்றும் சொல்லாமல் ஓடி, தப்பான விடையைத் தருபவைதான்.

வட்டி கணக்கிட இரண்டு ஃபங்ஷன்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி விகிதத்தை இன்ட்டாக வாங்குவது ஒன்று, டபுளாக வாங்குவது இன்னொன்று. முதலாவதை மெயின் ஃபங்ஷனுக்கு மேலேயும், இரண்டாவதைக் கீழேயும் எழுதியிருக்கிறார். கீழே இருப்பதைப் பற்றி மேலே அறிவிப்பு இல்லை. கம்பைலர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. மெயினில் 7.5 சதவீதம் என்று அழைக்கும் வரிக்கு வரும்போது அதற்குத் தெரிந்தது இன்ட் ஃபங்ஷன் மட்டுமே. 7.5-ஐ 7 ஆக்கிக்கொண்டு வேலையை முடித்துவிடும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓர் ஆண்டுத் தனிவட்டி 7,500 வர வேண்டும், 7,000 வரும். ஐந்நூறு ரூபாயை யாரும் திருடவில்லை, எர்ரரும் வரவில்லை! மெயினுக்கு மேலே எல்லா ஃபங்ஷன்களையும் அறிவித்துவிடும் பழக்கம் இருந்தால் இந்தச் சங்கடம் நேராது.

இன்னொன்று இதைவிட விசித்திரமானது. 'காட்டு' என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள். ஒன்று ஆம், இல்லை என்னும் பூல் மதிப்பை வாங்கும். மற்றது ஸ்ட்ரிங் வாங்கும். இரட்டை மேற்கோளுக்குள் "வணக்கம்" என்று எழுதிக் காட்டு என்றால், எவரும் ஸ்ட்ரிங்தான் ஓடும் என்று நினைப்பார்கள். ஓடுவது பூல்! மேற்கோளுக்குள் எழுதியது எழுத்துகளின் அணி. அது பாயிண்டராகி, பாயிண்டர் பூலாவது மூன்றாம் தரம். ஸ்ட்ரிங் கிளாஸாவது நான்காம் தரம். சட்டப்படி பூல்தான் முந்துகிறது. ஸ்ட்ரிங் என்று வெளிப்படையாகச் சொல்லி அழைத்தால் சரியாகிவிடும். தொல்காப்பியர் சொன்னதும் அதுதானே!

எர்ரர் வந்தால் என்ன செய்வது?

முதலில், திரையில் மேலே ஏறிப் போய் முதல் எர்ரரை மட்டும் படிக்க வேண்டும். பின்னால் வருபவை அதன் வாரிசுகளாக இருக்கலாம். அதுவும் திரையில் எழுதும் குறியில் தவறு வந்தால், அந்தக் குறிக்கு நூலகத்தில் ஏராளமான வடிவங்கள் இருப்பதால், இதுவா அதுவா என்று ஒவ்வொன்றாகக் கம்பைலர் காட்டும். அவை 'கேண்டிடேட்' என்ற சொல்லோடு வரும். அவை எர்ரர் அல்ல. தேர்வுக்கு வந்தவர்களின் பட்டியல். நாற்பது எர்ரர் என்று பிள்ளை எண்ணியது பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான்.

இரண்டாவதாக, செய்தியின் வகையைப் பார்க்க வேண்டும். 'நோ மேட்சிங் ஃபங்ஷன்' என்றால் ஒருவரும் தேறவில்லை. 'அம்பிகுவஸ்' என்றால் ஒருவருக்கு மேல் தேறிவிட்டார்கள். 'ரீடெஃபனிஷன்' என்றால் ஒருவரையே இருமுறை பதிவு செய்துவிட்டோம். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் பதிவு இருக்கிறது, ஆள் வரவில்லை. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

மூன்றாவதாக, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெருக்கு(இன்ட், டபுள்) என்று ஒன்று, பெருக்கு(டபுள், இன்ட்) என்று ஒன்று. அழைப்பது பெருக்கு(2, 3). கட்டம் போடுங்கள். முதல் ஃபங்ஷனுக்கு 2 அப்படியே பொருந்தும், 3-ஐ மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு 2-ஐ மாற்ற வேண்டும், 3 அப்படியே பொருந்தும். ஆளுக்கொரு வெற்றி, ஆளுக்கொரு தோல்வி; ஆகவே குழப்பம். இப்போது 3 என்பதை 3.0 என்று எழுதுங்கள். முதல் ஃபங்ஷனுக்கு இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. தீர்ந்தது வழக்கு. இந்தக் கட்டம் போடும் பழக்கம் வந்துவிட்டால், கம்பைலர் சொல்வதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

நான்காவதாக, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் ஐந்து இடத்தில் கை வைத்தால் எது சரி செய்தது என்று தெரியாது.

ஐந்தாவதாக, சத்தமில்லாத தவறைப் பிடிக்க, ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியிலும் "இன்ட் வந்தேன்", "டபுள் வந்தேன்" என்று அச்சிடச் சொல்லலாம். யார் கதவைத் திறந்தார்கள் என்று தெரிந்துவிடும். கம்பைலரின் எச்சரிக்கைகளையும் முடுக்கிவிட்டுக்கொள்வது நல்லது. ஆனால் டபுளை இன்ட்டாக வெட்டுவதற்கான எச்சரிக்கையைச் சில கம்பைலர்களில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பைத்தானிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு காலத்தில் சி++ பாடமாக இருந்தது; பின்னர் அந்த இடத்துக்குப் பைத்தான் வந்தது. ஆகவே வடக்கே படித்த நம் பிள்ளைகள் பலர் பைத்தான் பழக்கத்தோடுதான் கல்லூரியில் சி++ அல்லது ஜாவா வகுப்பில் உட்காருகிறார்கள். பைத்தானில் இந்த முறையிலான ஓவர்லோடிங் கிடையாது. ஒரே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் எழுதினால் முதலாவது சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஒரு அளவு வாங்கும் பரப்பை எழுதி, அடுத்து இரண்டு அளவு வாங்கும் பரப்பை எழுதிவிட்டுப் பரப்பு(5) என்றால், ஒரு மதிப்பு குறைகிறது என்று ஓடும்போது எர்ரர் வரும். விட்டுப்போனால் எடுத்துக்கொள்ளும் மதிப்பை வைத்து ஒரே ஃபங்ஷனாக எழுதுவதே அங்கே வழக்கம்.

1995-இல் வெளியான ஜாவாவில் ஓவர்லோடிங் உண்டு. ஆனால் கட்டுப்பாடு அதிகம். டபுளைத் தானாக இன்ட்டாக வெட்டிக்கொள்ள ஜாவா சம்மதிக்காது. நம் வட்டிக் கணக்கு அங்கே எர்ரராகவே வெளிப்பட்டிருக்கும். லாங், டபுள் இரண்டும் இருந்து இன்ட் கொடுத்தால், நெருங்கியது லாங் என்று ஜாவா அதையே தேர்ந்துகொள்ளும். மொழிக்கு மொழி பழக்கம் வேறு. புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்களுக்கு சி++ தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை தவிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "முதல் எர்ரரை மட்டும் வாசி; நீ எதைக் கூப்பிட்டாய், கையில் என்ன கொடுத்தாய், வாசலில் யார் யார் நிற்கிறார்கள், தமிழிலே சொல்லு" என்று கேளுங்கள். உரக்கச் சொல்லும்போதே தவறு எங்கே என்று பல நேரம் அதற்கே தெரிந்துவிடும். ஹிந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ நண்பர்களோடு பேசிப் பழகிய பிள்ளைக்கு, தொழில்நுட்ப விஷயத்தை வீட்டு மொழியில் ஒருமுறை விளக்கிச் சொல்வது தமிழுக்கும் ஒரு பயிற்சி.

தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே கல்லூரிக்கு வரும் உறவினர் பிள்ளைகளுக்கு வேறு தயக்கம் இருக்கும். பணிமிகுப்பும் பல்லுருவாக்கமும் அவர்கள் நன்றாகப் படித்தவைதான். ஆங்கிலப் பெயரில் கேட்டதும் புதிது என்று மருண்டுவிடுகிறார்கள். 'ஓவர்லோடிங் என்பது பணிமிகுப்பு. கம்பைலர் என்பது நிரல்பெயர்ப்பி. ஃபங்ஷன் என்பது செயற்கூறு' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அவர்களுக்குத் தெரிந்த பாடம் அவர்களிடமே திரும்பி வந்துவிடும்.

கம்பைலர் திட்டுவதில்லை, எங்கே தெளிவில்லையோ அங்கே நின்று கேட்கிறது. அதன் கேள்வியைப் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, அடுத்து வரும் பெரிய பாடங்களும் பயமுறுத்தா. இன்று மாலையே ஒரு தாளில் அந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.